முதலில் ஊகம், பிறகு கணக்கு

சமையலறையிலிருந்து கேசரியின் நெய் வாசனை... என் மடியிலோ பென்சில் எழுத்தை அழித்து அழித்துக் கொட்டிய ரப்பர் தூள். பெண் பார்க்க வருகிற அன்றும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் வீடு. கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து, மெட்ராஸில் ஒரு டிசைன் ஆபீசில் சேர்ந்த புதிது. வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு.

எனக்கு வடிவமைக்கக் கொடுத்திருந்தது ஓர் அப்சார்பர். உயரமான இரும்புக் கோபுரம், உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கு. கீழிருந்து வாயு ஏறும், மேலிருந்து எண்ணெய் இறங்கும். வாயுவில் கலந்த ஆவியை ஒவ்வொரு தட்டிலும் எண்ணெய் உறிஞ்சும். உறிஞ்சினால் சூடேறும், சூடேறினால் உறிஞ்சுவது குறையும். ஒன்று தெரியாமல் இன்னொன்று தெரியாது. அதனால் ஒவ்வொரு தட்டின் சூட்டையும் முதலில் ஊகித்து எழுதி, கணக்குப் போட்டு, வருகிற விடையை வைத்து ஊகத்தைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து... இரண்டும் ஒன்றாகும் வரை.

எனக்கு ஒன்றாகவே இல்லை. சூட்டைக் கூட்டி எழுதினால் விடை குறைந்து வந்தது. குறைத்து எழுதினால் ஏறி வந்தது. திங்கட்கிழமை மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு வரவில்லை என்றால், பெண்களுக்கே வராது என்றுதான் பேசுவார்கள்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா என் வேலை என்னவென்று கேட்டார். நானும் வெகுளியாக இதையெல்லாம் அப்படியே விளக்கினேன்.

"அப்ப மொதல்ல தப்பா எழுதிக்கினு, அப்பால திருத்திக்கினே இருக்கணுமா? இதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களாமா?"

கூடமே சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை...

அப்பாவும் சிரித்தார்.

என்னைப் படிக்க வைக்கச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சண்டை போட்டவர் அவர். காதெல்லாம் சுட்டது. கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவாள் என்று அப்பா சொன்னது சமையலறை வரை கேட்டது.

மறுநாள் அப்பா பஸ் ஸ்டாண்டு வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பட்டுக்கடை சேல்ஸ்மேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கடையில நின்னு நின்னு பழக்கம்மா... எதுர்ல இருக்கறவங்க சிரிச்சா நானும் சிரிச்சிடறேன். நீ வேலைய விட்டுடாத."

எனக்காகக் கூசுகிறேனா, அவருக்காகக் கூசுகிறேனா என்று புரியவில்லை. குனிந்தே இருந்தேன்.

திங்கள் காலை, புது விடைக்கு முழுசாகத் தாவாமல், பழைய ஊகத்துக்கும் அதற்கும் நடுவில் ஓர் எண்ணை வைத்துப் பார்த்தேன். ஆட்டம் அடங்கத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் கணக்கு சேர்ந்துவிட்டது. மேலதிகாரி பார்த்துவிட்டு, அடுத்த கோபுரத்தையும் என்னிடமே கொடுத்தார். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அப்பாவே சொல்லியனுப்பிவிட்டார். அந்தச் சிரிப்பைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை.

இப்போது எல்லாம் சாப்ட்வேர். கணக்கு சேரவில்லை என்று திரையில் சிவப்பாக வந்தால்கூட, வேலைக்கு வரும் பிள்ளைகள் முகம் வாடுவதில்லை. வேறு ஊகத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நான்தான்... என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "கெமிக்கல் கம்பெனியில" என்பதோடு இன்றும் நிறுத்திக்கொள்கிறேன்.