ஜீப்பில் கேட்ட இங்கிலீஷ் பாட்டு

கணவர் இறந்தபின் முதன்முறையாக ஏலக்காய் பறிக்கப் போனேன். எங்கள் ஊர் சிலமலையில் கூலிப் பெண்களோடு ஜீப் ஏறினால் மலை சேரும்வரை சினிமாப் பாட்டுதான். அன்று முதல் பாட்டிலேயே உடைந்து அழுதுவிட்டேன்.

"எந்தப் பாட்டப் போட்டாலும் அவுகதேன் வந்து நிக்கிறாகண்ணே," என்றேன். டிரைவர் அண்ணன் டேப்பை அணைத்தார்.

மறுநாள் ஒரு பழைய கேசட்டைப் போட்டார். எஸ்டேட் பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கியதாம். அட்டையில் பாடகியின் பெயர்கூட அழிந்திருந்தது. பியானோவோடு ஒரு பெண் இங்கிலீஷில் நிதானமாகப் பாடினாள்.

"என்னாண்ணே, தாலாட்டுறாளா? நம்ம பாட்டப் போடுங்க!" என்று கூட வந்த பெண்கள் கத்தினார்கள்.

"கெடக்கட்டும் ஆத்தா. நம்ம பாட்டுலயெல்லாம் யாராச்சும் இருக்காக. இதுல ஒருத்தரும் இல்ல," என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, விழுந்துவிடுமோ என்று நினைக்கும்போது சரியாக வந்து சேரும். ஒவ்வொரு வளைவிலும் அதைக் கேட்கக் கேட்க என் மூச்சு சீரானது.

அந்த சீசன் முழுக்க அதுதான் ஓடியது. இப்போது சினிமாப் பாட்டை அழாமல் கேட்கிறேன். அந்த இங்கிலீஷ் பாட்டைக் கேட்டால்தான் கண் கலங்குகிறது. அதிலும் இப்போது ஒருவர் இருக்கிறார், திரும்பிப் பார்க்காமல் ஜீப் ஓட்டிய அந்த அண்ணன்.