சீனியம்மாள் சொல்லாத பெயர்

ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மில். காலையில் அங்கே சங்கு ஊதியதும் என் கால்கள் தாமாகவே பாயை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுகின்றன. மலாயாத் தோட்டத்தில் பதினாறு வருஷம் பழகிய பழக்கம். அங்கே அதற்குப் பெரட்டு என்று பெயர்: தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரான நானும் என் பெயருக்கு ஆஜர் சொல்லிவிட்டு, யாருக்குக் காய்ச்சல் என்று பார்க்க அங்கே நிற்பேன். "அது மில்லுக்காரங்களுக்கு ஊதுற சங்குண்ணே. நீங்க செத்த நேரம் படுங்க" என்கிறாள் தங்கை. ஊருக்கு வந்து நாலு மாதமாகியும் என் காலுக்கு இது புரியவில்லை. கடல் தாண்டிப் போய்வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் ஊர் பார்க்க வரவில்லை. ஜப்பான்காரன் போனதும் வெள்ளைக்காரன் திரும்பி வந்து மலாயாவில் ராணுவ ஆட்சி வைத்தான். வயிறு காய்ந்த ஜனங்கள் அரிசி கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசியவன் வைத்தியநாதன். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவன், நம் வன்னியம்பட்டிக்காரன். ஒரு நாள் லாரியில் வந்த சிப்பாய்கள் அவனைப் பெரட்டு வரிசையிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கும் கிடையாது, வக்கீலும் கிடையாது. மறுநாள் ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் கிராணி பழக்கதோஷத்தில் அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். அவனை விடச் சொல்லி நாங்கள் ஊர்வலம் போனோம், மனு எழுதினோம். ராணுவ ஆபீசர் மனுவைத் தொடவேயில்லை. பெண்டாட்டியோ பெற்றவர்களோ கேட்டால்தான் யோசிப்பாராம், அதுவும் ஊர்த் தாசில்தார் முத்திரையோடு. பெற்றவர்கள் அவனுக்கு இல்லை. எனக்கு லீவு பாக்கி இருந்தது, கப்பலேறினேன்.

அவன் மனைவி சீனியம்மாள் வன்னியம்பட்டியில் களையெடுத்துப் பிழைக்கிறாள். எட்டு வருஷமாகப் புருஷன் முகம் பார்க்காதவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கைநாட்டுத்தானே அண்ணாச்சி, வாரேன்" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு, "புருஷன் பேரு?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நம் ஊரில் பெண்டாட்டி சொல்லமாட்டாள், பக்கத்தில் நிற்பவர் சொல்லவேண்டும். நானும் முந்திக்கொண்டு சொன்னேன். பிறகு குமாஸ்தா எல்லாக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டார், எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். கடைசியில் கீழே என் கையெழுத்து, ஓரத்தில் அவள் கைநாட்டு. காரியம் முடிந்தது என்று அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. மனு கொடுத்தவர் கைதிக்கு உறவினர் அல்ல என்று எழுதியிருந்தார்கள். குமாஸ்தா என்னை மனுதாரனாகவும் அவளைச் சாட்சியாகவும் போட்டிருந்தார். வெள்ளைக்காரன் காகிதத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். அந்த மனுவில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தரம் வாசித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி போனோம். இந்தத் தடவை குமாஸ்தா என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்.

"பேரைச் சொல்லும்மா."

"மடவார் வளாகத்துச் சாமி பேருங்கய்யா."

"எனக்குத் தெரியும். ஆனா உன் வாயால வரணும்."

"சொன்னா அவிய ஆயுசுக்கு ஆகாதுங்கய்யா."

குமாஸ்தா அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் சுவரைப் பார்த்து நின்றாள், முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில், "வைத்தியநாதன்" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெளியே வந்ததும் குழாயடியில் மூன்று முறை வாய் கொப்பளித்தாள்.

போன வாரம் பதில் வந்தது. கைதி காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று நாலு வரி, ஒரு தேதி. டிரஸ்ஸர் வேலையில் எத்தனையோ சாவைச் சொல்லியிருக்கிறேன். வன்னியம்பட்டிக்கு நடந்தபோது ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. கேட்டதும் அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நான் சொல்லிட்டேனே. நானே சொல்லிக் கொன்னுட்டேனே" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அது தாங்கவில்லை. காகிதத்தை விரித்து, "தேதியைக் கேளும்மா. நீ பேரைச் சொல்லுததுக்கு ஒன்பது நாளைக்கு முன்னாலயே போயிட்டான்" என்றேன். முதல் மனு சரியாகப் போயிருந்தால் அந்தத் தேதிக்குள் அவன் வெளியே வந்திருக்கக்கூடும். அதை நான் சொல்லவில்லை.

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நான் சொன்னதால இல்லையா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மொதல்ல நீங்க சொன்னீங்களே, அதாலயா?"

பழி சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

திரும்பிப் போகிற கப்பல் டிக்கெட் பெட்டியில் இருக்கிறது. இன்று காலையும் சங்கு ஊத, வாசலில் போய் நின்றேன். தோட்டத்தில் இந்நேரம் பெரட்டு முடிந்திருக்கும். அவன் பெயரை ஏட்டிலிருந்து அடித்திருப்பார்கள், என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். இங்கே மில்லுக்குப் போகிறவர்கள், யாரோ அசலூர் ஆள் வழியில் நிற்கிறான் என்று என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.