எடுக்காதை என்ற குரல்

கைப்பைக்குள் அந்தச் சிறிய வீடியோக் கசெற் கிடக்கிறது. ஐந்து மாதமாகக் கொழும்புக்கும் கண்டிக்கும் என்னோடு அலைந்தது. அதற்குள் அம்மா இருக்கிறார். கையால் முகத்தை மறைத்து, "போடா, எடுக்காதை" என்று சிரித்தபடி தன் தம்பியை விரட்டும் இரண்டு நிமிடம். அம்மாவின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. ஆனால் அது பீட்டா கசெற். போட்டுப் பார்க்க நேற்றுவரை ஒரு பீட்டா டெக் கிடைக்கவில்லை.

எடுத்தவர் மாமா, அந்தத் தம்பி. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் படக் கசெற் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். பீட்டாவும் வி.எச்.எஸ்ஸும் போட்டி போட்ட காலம். ஒன்றின் டெக்கில் மற்றது ஓடாது. மாமா இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்து, படம் தெளிவு என்று கடை நிறையப் பீட்டாவையே அடுக்கினார். தெளிவு உண்மைதான். ஆனாலும் நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்று ஒழுங்கைக்கு ஒரு டெக் இருந்தாலே பெரிய விஷயம். அதுவும் சவூதிக்குப் போனவர்கள் கொண்டுவந்தது, அத்தனையும் வி.எச்.எஸ். வாடகைக் கசெற்றைச் சனம் கொண்டுபோனது தன் வீட்டுக்கல்ல, டெக் இருந்த வீட்டுக்கு. இடம் கிடைத்தவர்கள் உள்ளே, மிச்சப்பேர் யன்னலுக்கு வெளியே. கம்பிக்குள்ளால் எட்டிப் பார்க்கிறவருக்கு என்ன தெளிவு வேண்டிக் கிடக்கிறது? எதிரே கசெற் கடை போட்டிருந்த கிண்ணியா நானாவுக்கு இது விளங்கியிருந்தது. கடைக்கு வருகிறவரிடம் என்ன படம் என்று முதலில் கேட்கமாட்டார். "ஆர்ட வூட்ட போட்டுப் பாக்கப் போறீங்க?" என்றுதான் கேட்பார். மாமாவோ, "ஒருக்கா வடிவாப் பாத்தவன் திரும்பி வருவான்" என்று கதிரையில் காத்திருந்தார். ஒருவரும் திரும்பி வரவில்லை.

மாமா கடையை மூடிய கிழமை நானாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அக்காட கசெற்றத் தாங்க, வி.எச்.எஸ்ஸில ஒரு கொப்பி அடிச்சுத் தாறன். பொறகு இத ஓட்ட டெக் இரிக்காது" என்றார். மாமா கொடுக்கவில்லை. "கொப்பி எடுத்தா அக்கான்ர முகம் மங்கிப்போகும்." வீம்பு என்று நினைத்தேன். பாதி அதுதான். பிறகு வந்த இடப்பெயர்வில் எங்கள் டெக் போய்விட்டது. உடுப்புக்குள் சுற்றிவைத்த கசெற் மட்டும் தப்பியது.

கொழும்பில் இல்லாத டெக் இன்று காலை திரியாயில் கிடைத்தது, ரேடியோ திருத்துகிற ஒருவரின் அலுமாரிக்கு மேலே. அவர் கசெற்றின் மூடியைத் தூக்கினார். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம். "ஒருக்காத்தான் ஓடும், அறுந்தாலும் அறும். படம் வந்தாலும் தெளிவா வராது. ஓட விடவோ?" அன்புவழிபுரத்தில் படுக்கையில் கிடக்கும் மாமாவைக் கைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"மங்கலாத் தெரிஞ்சாலும் காணும் பிள்ளை. ஓட விடச் சொல்லு."

திருத்துகிறவர் தன் கைபேசியில் பதிவை அழுத்திவிட்டுக் கசெற்றை உள்ளே தள்ளினார். நான் அழைப்பைத் துண்டிக்காமல் என் கைபேசியைத் திரைப்பக்கம் நீட்டிப் பிடித்தேன். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, முகமே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போடா, எடுக்காதை."

மறுமுனையில் மாமா, "ஓம் அக்கா" என்றார்.