முந்திக்கொண்ட கெட்டிமேளம்

கொழுந்தனின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பிழை தேடினார்கள். மாமனார் பெயர்களுக்குப் பின்னால் படிப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். அத்தை தன் கூடப்பிறந்தவர்கள் வயது வரிசைப்படி இருக்கிறார்களா என்று பார்த்தார். நான் நேராகக் கடைசி வரிக்குப் போனேன். ‘மங்கள இசை’ என்று போட்டு, கீழே இரண்டு பெயர்கள். மூன்று முறை படித்தேன். பிறகு பையனின் பால் பாட்டிலைக் கழுவப் போய், கழுவி வைத்த பாட்டிலையே மறுபடியும் கழுவினேன்.

அந்த இருவரும் கணவன் மனைவி. அக்கா நாதஸ்வரம், அவர் கணவர் தவில். ‘அக்கா’ என்பது நானாக வைத்துக்கொண்ட உறவு.

என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பது நாள் இருந்தான். உள்ளே போக எனக்கு ஒரு நாளைக்கு நான்கு முறைதான் அனுமதி. மீதி நேரமெல்லாம் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலி. என் கணவர் வேலைக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்து கைபேசியில் எதை எதையோ தேடிப் படித்துப் பயந்துகொண்டிருந்தபோது, தற்செயலாக ஒரு பதிவு கண்ணில் பட்டது. ஏதோ ஒரு கோயில் திருவிழா; கூட்டத்தில் நின்று யாரோ பிடித்தது; கீழே வாசித்த இருவரின் பெயர்; நாற்பத்தொரு நிமிடம். படம் ஆடிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். ஆனால் அந்த நாதஸ்வரம் தொடங்கியதும் நான் தேடிப் படிப்பதை நிறுத்தினேன். பத்தொன்பது நாளும் அதைத்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பையன் சாயங்காலம் ஆனால் அழ ஆரம்பித்து, குரல் கம்மும் வரை அழுவான். ஒரு நாள் வேறு வழி தெரியாமல் அந்தப் பதிவைப் போட்டேன். அடங்கினான். அதற்கும் பயம் வந்தது. இத்தனை சின்னக் காதுக்கு நாதஸ்வரமும் தவிலும் ஆகுமா? கைபேசியைத் துண்டில் சுற்றித் தொட்டிலைவிட்டுத் தள்ளி வைத்தேன். டாக்டரிடம் கேட்டேன். சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒன்றும் ஆகாது என்றார். அவர் சரியாகக் காதில் வாங்காமல் சொல்லியிருப்பாரோ என்று இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன்.

இதை அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று கூடச் சொல்ல முடியாது. செய்யாமல் விட்ட வேலை போல உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு முறை வாய்ப்பும் கிடைத்தது. பையனுக்கு ஒரு வயது ஆன சமயம், வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். வாசித்து முடித்து அக்கா நாதஸ்வரத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது, பையனை வீட்டில் தூங்க வைத்துவிட்டு வந்த நான் இரண்டு கை தூரத்தில் நின்றேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும், பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து மதுரையில் இருப்பவள். “நாங்க வெளியூரும்மா, அந்தக் கடையில கேளுங்க” என்றார் அவர். நானும் கடைக்குப் போய்க் கேட்பது போல நின்றுவிட்டு வந்தேன்.

ஆகவே இந்தக் கல்யாணத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இதையும் விட்டால் இன்னொரு முறை அமையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெண் வீடு சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். மேளம் அவர்கள் ஏற்பாடு. முதல் நாளே வேனில் போய் மண்டபத்தில் இறங்கினோம். மூத்த மருமகள் என்பதால் எனக்கு வேலைகள் இருந்தன. சீர்த் தட்டுகளை எண்ணுவது, யாருக்கும் சந்தனம் விட்டுப்போகாமல் பார்ப்பது, காலையில் அட்சதை கொடுப்பது. இத்தனைக்கும் நடுவே பையன் இடுப்பில். ஒன்றரை வயதில் அவனை யாரிடம் கொடுத்தாலும் அரை நிமிடத்தில் என்னிடமே திரும்பி வந்துவிடுவான்.

முகூர்த்தக் காலையில் அட்சதையை வரிசை வரிசையாகக் கொடுத்து முடித்தேன். சொன்ன வேலையை முடித்தாகிவிட்டது. தாலி கட்ட இன்னும் நேரம் இருந்தது. மேளக்காரர்கள் மணமேடைக்கு வலது பக்கம் தாழ்வான ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அதன் முன்னால் மைக் கம்பத்தை ஒட்டிப் போய் நின்றேன். பையனுக்குக் காது வலிக்குமோ என்று உள்ளங்கையால் ஒரு காதைப் பொத்தினேன். அவன் கையைத் தட்டிவிட்டான். அதுவரை துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் எதிரே ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்பதை அவன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் இடுப்பிலேயே ஆடத் தொடங்கினான்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார். வாயில் நாதஸ்வரத்தின் சீவாளி இருக்க, கண்ணால் மட்டும் சிரித்தார். நேராக எங்களைப் பார்த்து.

கும்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையை மட்டும் உயரத் தூக்கி ஆட்டினேன்.

மணமேடையைச் சுற்றி வீடியோக்காரர்களும் போட்டோக்காரர்களும் சுவர் மாதிரி நின்றால், மேளக்காரர்களுக்கு மாப்பிள்ளையின் கை தெரியாது. தாலி ஏறும் நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் அவர்கள் கண்ணில் படும்படி நின்று கையைத் தூக்கி ஆட்டுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் கெட்டிமேளம். இது எனக்குத் தெரியாததல்ல. என் கல்யாணத்துக்கே என் சித்தப்பா அப்படிக் கை காட்டினார். ஆனால் அந்த நிமிடத்தில் தவில்காரருக்குத் தெரிந்தது பட்டுச்சேலை கட்டிய, மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தியின் கை.

கெட்டிமேளம் இடித்துக்கொண்டு கிளம்பியது.

மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. நான் கொடுத்த அட்சதை அத்தனையும் ஒரே நேரத்தில் பறந்தது. முன் வரிசையில் ஓர் அம்மா கண்ணை மூடி வாழ்த்திக்கொண்டிருந்தார். மஞ்சள் அரிசி ஓய்ந்த பிறகு பார்த்தால், மாப்பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். தாலித் தட்டு பெரியவர்கள் தொட்டு ஆசி வழங்குவதற்காகப் போய், பந்திக் கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தது. அங்கே ஒரு பாட்டையா அப்போதுதான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேளம் தடுமாறி நின்றது. 

மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுபவர், அவர்தான் கை காட்ட வேண்டியவர். வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேள மேடைக்கு வந்தார். நேராகத் தவில்காரரிடம், “ஏய்யா, கண்ணு எங்கய்யா இருந்துச்சு? நான் கையவே தூக்கல. அம்புட்டுப் பேரு முன்னாடி இப்படிப் பண்ணி வச்சிருக்கியே” என்றார். கூட வந்த இன்னொருவர், “பேரு பெரிய பேருதான், முகூர்த்தம்கூட வாசிக்கத் தெரியாதா?” என்றார். பின்னால் யாரோ அபசகுனம் என்ற சொல்லை எடுத்தார்கள்.

தவில்காரர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். என் கை, என் இடுப்பில் பிள்ளை, என் முகம் எல்லாம் அந்தப் பார்வைக்குள் வந்துவிட்டன. பிறகு தலையைக் குனிந்து, “தப்பு நடந்துபோச்சுங்கய்யா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றார்.

 பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மூத்த மருமகள் கல்யாணத்தைக் கெடுத்தாள் என்று பேச்சு வராது. அத்தைக்குத் தலைகுனிவு இல்லை. அவரே ஏற்றுக்கொண்டார், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு பக்கம். பத்தொன்பது நாள் என்னைப் பிடித்து நிறுத்திய கை அது, என் தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று இன்னொரு பக்கம். இதில் வாயை மூடிக்கொண்டு நின்றால், பிறகு நான் சொல்ல நினைத்ததை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

“பெரிய மாமா, கையக் காமிச்சது நாந்தான். அந்த அண்ணன் மேல தப்பு இல்ல. வணக்கம் வைக்கிறேன்னு கையத் தூக்கிட்டேன்.”

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் கம்பத்தை ஒட்டி நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். மண்டபத்தின் நான்கு மூலையிலும், சமையல் கூடத்திலும், வாசலில் கட்டிய குழாயிலும் என் குரலே கேட்டது.

முதலில் சிரித்தது மணப்பெண். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தான். பெரிய மாமா என்னை முறைப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். நான் அத்தையைத் தேடினேன். மணமேடையில் நின்றிருந்த அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “சரி, நல்ல சத்தம் ரெண்டு தடவ கேட்டா யாருக்கு என்ன நட்டம்? நேரம் இருக்கு. மொதல்ல தாலியக் கொண்டாங்கப்பா.”

தட்டு தலைகளுக்கு மேலாக ஓடி வந்தது. அட்சதைதான் ஒரு மணிகூட மிச்சமில்லை. சமையல்காரர் அவசரமாக அரிசியில் மஞ்சளைப் பிசைந்து ஒரு குண்டானில் அனுப்பினார். ஈரம் காயாத அட்சதை. பெரிய மாமா மைக் கம்பத்துக்கு எதிரே வந்து நின்று, என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினார். நான் இரண்டு கையாலும் பிள்ளையைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கெட்டிமேளம் முதலாவதைவிடப் பலமாக இருந்தது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. கல்யாண வீடியோவில் பெண்ணின் தலையிலும் மாப்பிள்ளையின் மீசையிலும் மஞ்சள் ஒட்டியிருப்பதை இப்போதும் பார்க்கலாம்.

ஒன்பதரை மணி வாக்கில் மேளக்காரர்கள் பந்திக்குப் போனார்கள். நானும் போனேன். கதவு வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனேன். மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம், மற்றது இன்று வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அக்காதான் முதலில் பார்த்தார்.

“வாங்க, கெட்டிமேளம்” என்றார். “இம்புட்டுப் பேரு முன்னாடி நாந்தான்னு சொல்ல எனக்கெல்லாம் தைரியம் வராதும்மா.”

தவில்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எப்போதும் நடப்பதுதான் என்றார். பிறகு பையனைக் காட்டி, சத்தத்துக்குக் கொஞ்சம்கூட மிரளவில்லையே என்று கேட்டார்.

அவன் ஏன் மிரளவில்லை என்பதைச் சொல்லத்தானே வந்திருந்தேன். கைபேசியை எடுத்து அந்தப் பதிவைக் காட்டினேன். அக்கா திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, ஐயோ இதுவா என்பது போலக் கணவரைப் பார்த்தார். தவில்காரரின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

“இத நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல, தங்கச்சி. அன்னைக்குத் தவில் தனி ஆவர்த்தனம் முடிக்கிற எடத்துல தாளக் கணக்கு விட்டுப்போச்சு. எல்லாம் நின்ன பெறகு எனக்கு மட்டும் ஒரு அடி தனியா விழுந்துருச்சு. நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல.”

“இன்னைக்கும் அதச் சொல்லிப் பொலம்புவாரு” என்றார் அக்கா.

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். தவில் மழை மாதிரி கொட்டிவிட்டுச் சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ‘தொம்’ என்று ஒன்று. அது தப்பு என்று எனக்குத் தெரியவே தெரியாது.

“அண்ணே, இவன் மொத மொதல்ல சத்தம் போட்டுச் சிரிச்சதே அந்த எடத்துலதான்” என்றேன். “இப்பவும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பான். அது வந்தாத்தான் சிரிப்பான்.”

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. இடது கையை மேசைமேல் வைத்தார். விரல்களால் மெல்ல ஆரம்பித்து வேகம் கூட்டினார். தண்ணீர் டம்ளர்கள் அதிர்ந்தன. நிறுத்தினார். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தான். ‘தொம்.’

பையன் பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். அவர் இன்னொரு முறை அடித்தார். இன்னொரு முறை. நான்காவது முறை பையன் தானே கையை நீட்டி மேசையில் அடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தான். அந்த மனிதர் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலா வேறெதாலா என்று நான் கேட்கவில்லை.

மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. “பெட்டிக்குள்ள இவன் பத்தொம்பது நாள் இருந்தான்க்கா. வெளிய நான் ஒத்தையா உக்காந்திருந்தேன். நீங்க ரெண்டு பேருந்தான் கூட இருந்தீங்க” என்றேன்.  திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா சோறு ஒட்டிய வலது கையைத் தள்ளி வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். பையன் அவரிடம் போய்விட்டான். அரை நிமிடம் ஆனது, ஒரு நிமிடம் ஆனது, திரும்பி என்னைத் தேடவில்லை. அவர் மடியில் உட்கார்ந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான்.

“நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார் அக்கா.

காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக இரண்டு கையும் சும்மா இருக்க, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.