அப்பா எடுக்காத சுத்தியல்

என் வாழ்நாளில் நான் மனமுருகிச் சரஸ்வதியைக் கும்பிட்டது பத்தே பத்து நாள்தான். அதுவும் என் கணிதப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடாதே என்று.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உரும்பிராயில், உழவு இயந்திரங்களுக்குக் கலப்பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அப்பா மூத்த தொழிலாளி. ஆயுதபூசையன்று அங்கே சுத்தியல், குறடு, கலப்பை எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் அடுக்கிப் படைப்பார்கள். மறுநாள் மூத்தவர் முதல் சுத்தியலை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தங்கள் ஆயுதங்களைத் தொடலாம். அந்த வருடம் அப்பாவோடு போன நான், கணிதப் புத்தகத்தையும் கலப்பைகளுக்கு நடுவே செருகிவிட்டேன். ஒரு நாளாவது தப்பலாமே.

தப்பியது ஒரு நாளல்ல. மறுநாள் அப்பா சுத்தியலை எடுக்க மறுத்துவிட்டார். சம்பளம் கூட்டி மூன்று வருடமாகியிருந்தது. ஓய்வுகாலத்துக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய சேமலாபப் பணத்தையும் முதலாளி கட்டவே இல்லை. அடுத்த வருடம் அப்பா ஓய்வுபெற வேண்டும்.

மாரி உழவு நெருங்கி, கலப்பை கேட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். பட்டை பட்டையாகத் திருநீறு பூசுகிற முதலாளி, கும்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாரே தவிர ஓர் ஆணியைக்கூடத் தொடவில்லை. பருத்தித்துறையிலிருந்து இரண்டு பேரை வேலைக்குக் கூட்டிவந்தார். அவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு, எதையும் தொடாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

கடைசியில் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணை, பூசையை முடிச்சுவிடுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.”

“முடிக்கலாம் முதலாளி. ஆனா சரஸ்வதிக்கு முன்னாலை அரை மனசோடை சுத்தியல் தூக்கேலாது” என்றார் அப்பா, பெரிய பக்தர் போல. வீட்டுச் சாமியறைப் பக்கம் அவர் போய் நான் கண்டதில்லை.

நானோ முதலாளி இறங்கி வரக்கூடாதென்று தினமும் இரண்டு வேளை வேண்டினேன்.

பதினோராம் நாள் முதலாளி எல்லாவற்றுக்கும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். அன்று பின்னேரம் அப்பா குங்குமம் அப்பிய கணிதப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் விம்மி விம்மி அழுதேன்.

“இஞ்சை பாரும், பிள்ளைக்கும் சந்தோசத்திலை அழுகை வருது” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் அழுதார்.

சம்பளம் வராத அந்த நாட்களில் அம்மாவின் காதுகளில் தோடு இல்லை, ஈர்க்குத் துண்டுகள்தான் இருந்தன. கேட்டதற்குக் காதில் புண் என்றார். நம்பினேன். அந்தப் புண் ஆறக்கூடாதென்றுதான் இரண்டு வேளையும் கும்பிட்டிருக்கிறேன் என்பது அன்று எனக்குத் தெரியாது.