கறுப்புத் துணி போட்ட கடன் பலகை

நாற்சந்தியில் நாட்டின் கடனைக் காட்டும் மின்பலகையைத் துடைப்பவரை எல்லோரும் ஏணிக்காரர் என்பார்கள். மூன்று மாடி உயரம் ஏறுகிற அந்த மனிதருக்கு உயரம் என்றாலே பயம். வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்பதால் வாயைத் திறந்ததில்லை.

பலகையில் இரண்டு வரிசை. மேலே மொத்தக் கடன், தலைதெறிக்க ஓடும். அதை யாரும் படிப்பதில்லை, படித்தால் மூச்சு வாங்கும். கீழே 'உங்கள் குடும்பத்தின் பங்கு'; நொண்டி நொண்டி ஏறும். வினையே அதுதான். அவருடைய சின்ன மகள் ஒருநாள் எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பால்காரர் தட்டினாலும் அதே கதைதான்.

"நம்ம பங்கை வாங்க வந்துட்டாங்களாப்பா?"

"அது சும்மா கணக்குடா தங்கம். யாரும் வரமாட்டாங்க."

"சும்மான்னா ஏன் தினமும் தொடச்சு வைக்கிறீங்க?"



ஒரு வரிசையைத் துடைக்கும்போது தண்ணீர் இறங்காமலிருக்க மற்றதைக் கறுப்புத் துணியால் மூடுவார். தெரு கூடுமுன் வேலை முடிந்துவிடும். அந்தத் துணியை ஊரார் கண்டதே இல்லை. அன்று மட்டும் கீழ் வரிசைத் துணியை எடுக்காமல் இறங்கிவிட்டார். மகள் பள்ளிக்கூடம் போகிற வழி. ஒரு நாளாவது பிள்ளை நிம்மதியாகப் போகட்டும்.

பிள்ளை நிம்மதியாகத்தான் போனாள். ஊர்தான் போகவில்லை.

"நாடு திவாலாம்," என்றார் பேப்பர் கடைக்காரர்.

"யாரு சொன்னா?"

"கறுப்புத் துணியே போட்டாச்சு. இன்னும் யாரு வந்து சொல்லணும்?"

வெயில் ஏறுவதற்குள் எதிரிலிருந்த வங்கி வாசலில் வரிசை நின்றது. பிறகு வரிசை கும்பலாகி ஷட்டரைப் பிடித்து உலுக்கியது. ஏணிக்காரரின் மேற்பார்வையாளர் போனில் பல்லைக் கடித்தார்.

"யாருய்யா மூடி வெச்சது? உடனே ஏறி எடு. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், உங்கிட்ட பேசணும்."

ஏணியில் அவர் கால்கள் தந்தியடித்தன. கீழே ஒரு குரல் கேட்டது.

"அவரே நடுங்குறாருய்யா. அப்ப விஷயம் உண்மைதான்."

ஷட்டர் இன்னும் பலமாக அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு துணியை இழுத்தார். உள்ளே எண் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடன் வழக்கம்போல வளர்வதைப் பார்த்த பிறகுதான் கும்பலுக்குப் போன உயிர் வந்தது. ஆளுக்கொரு டீ குடிக்கக் கலைந்தார்கள். இறங்குவதற்குத்தான் அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

சாயங்காலம் மகள் புத்தகப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"காலையில நம்ம பங்கு இல்லவே இல்லப்பா. இப்ப திரும்ப வந்துருச்சு. யாருப்பா எடுத்து வெச்சது?"

அவர் வாய் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. மகள் பையோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். அவர் கதவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். நீளமான கால்களை மடக்கிக்கொண்டு தானும் உள்ளே நகர்ந்தார்.

"நீங்களுமாப்பா?"

"கொஞ்சம் தள்ளிப் படுடா."

கதவு மறுபடியும் தட்டப்பட்டது.