தயிர் தடவிய கண்ணாடி

எங்கள் லேபில் என்னோடு வேலை பார்த்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீழோ சளியோ, எதைக் கண்ணாடித் தகட்டில் தடவினாலும் அதன் ஓரத்தில் ஒரு பொட்டுத் தயிரையும் தடவிவிடுவாள். ஊறுகாய் வேண்டாமா என்று நான் கிண்டல் செய்வேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. லேப் படிப்புக்கு வருமுன் அவள் சாயப்பட்டறையில் ஷேடு பார்த்தவள். பார்ட்டி ஒப்புக்கொண்ட துணித்துண்டைப் பக்கத்தில் வைக்காமல் எந்த நிறத்தையும் சரி என்று சொல்லமாட்டாள். தயிர் பாக்டீரியா நாங்கள் ஏற்றும் ஊதாச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் வகை. இங்கே அவளுக்கு அதுதான் துணித்துண்டு.

முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், அப்புறம் ஸ்பிரிட்டில் ஓர் அலசல், கடைசியில் சிவப்புச் சாயம். சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவாகவே நிற்கும். மற்றவை ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பாகும். கண்ணுக்கே தெரியாத உயிர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஒருநாள், அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு பெண்ணின் முழங்காலிலிருந்து எடுத்த சீழ் வந்தது. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள். கொடுத்த மருந்துக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. கால் மடக்கவே முடியாமல் போய்விடுமோ என்று டாக்டருக்கே பயம். எந்த வகைக் கிருமி என்று பார்க்க லேபுக்கே வந்து நின்றார். மைக்ராஸ்கோப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள். அதற்கான மருந்தை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். என்னோடு வேலை பார்த்தவள் தகட்டை நகர்த்தி ஓரத்தைப் பார்த்தாள்.

"எழுதாதீங்க சார். தயிரே செவந்து கெடக்குதுங்க. பட்டறைப் பழக்கத்துல நாந்தான் ரொம்ப அலசிப்போட்டனுங்க."

பட்டறையில் சாயத்தண்ணீர் தெளியும்வரை அலசினால்தான் நல்ல வேலை. இங்கே ஸ்பிரிட்டில் கொஞ்சம் கூடுதலாக அலசினாலும் ஊதா நிற்கவேண்டியதும் வெளுத்துச் சிவப்பேறிவிடும். டாக்டர் முகம் சுளித்தார். அவள் அசரவில்லை. மிச்சமிருந்த சீழில் இன்னொரு தகடு போட்டாள். இந்தமுறை தயிரும் ஊதா, சீழில் இருந்தவையும் கொத்துக் கொத்தாக ஊதா. டாக்டர் எழுதியது வேறு மருந்து. தன் கையையே சோதிக்க ஒரு வழி வைத்துக்கொண்டு வேலை செய்தவளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவளோடு வேலை பார்ப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

சில வாரம் கழித்து அந்த ஓவர்லாக் பெண் லேபுக்கு வந்தாள். தன் காலில் இருந்ததைப் பார்க்கவேண்டும் என்றாள். எடுத்து வைத்திருந்த தகட்டைக் காட்டினோம். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இதுவா என் காலைத் திங்கப் பாத்துச்சு? எம்புட்டு அழகா இருக்குக்கா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கி வேகமாக நடந்தாள்.